டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ்: ஆயிரம் பேர் வாழும் சிற்றூரில் இத்தனை பெரிய தேவாலயம் எழுந்தது எப்படி?

நதிமூலம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தில், ஆக்ஸ்போர்டு நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. டார்செட் மாவட்டத்தின் தலைமை நகரமான டார்செஸ்டர் வேறு. நான் கேட்பது தேம்ஸ் ஆற்றை ஒட்டிய இந்த ஊரைப் பற்றித்தான். ஆயிரம் பேர் அளவில் வாழும் ஊர் இது. வளைந்து செல்லும் ஒரே முதன்மைத் தெரு, மரச்சட்டங்கள் தெரியும் பழைய வீடுகள், இரண்டு பழைய பயணியர் விடுதிகள், அவற்றுக்கு எதிரே ஒரு நகரத்துக்கே போதுமான அளவில் ஒரு கல் தேவாலயம். அந்த ஊரையும் அந்தக் கட்டடத்தையும் சேர்த்துப் பார்க்கும் எவருக்கும் அளவுகள் பொருந்தவில்லை என்று தோன்றும்.

ஏழாம் நூற்றாண்டில் மேற்குச் சாக்சன் நாட்டின் முதல் ஆயர் (பிஷப்) இங்கேதான் வீற்றிருந்தார் என்றும், நார்மன் படையெடுப்புக் காலத்தில் இந்த ஊரின் ஆயருடைய ஆளுகை வடக்கே ஹம்பர் ஆறு வரை நீண்டிருந்தது என்றும் படித்திருக்கிறேன். இன்று அந்த ஆளுகையின் எச்சமாக நிற்பது தேவாலயம் மட்டுமே. அருகிலுள்ள ஆக்ஸ்போர்டு பெருநகராகவும் வாலிங்ஃபோர்டு சந்தை நகராகவும் வளர்ந்திருக்க, அவற்றைவிட முன்னதாகவே புகழ்பெற்ற இவ்வூர் மட்டும் சிற்றூராக நின்றுவிட்டது ஏன்? இவ்விடத்தைத் தேர்ந்தவர்கள் எதைக் கண்டு தேர்ந்தார்கள், பிறகு எது அவர்களை விலகிப்போகச் செய்தது? ஆறும் நிலமும் இதில் என்ன பங்கு வகித்தன என்பதை அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

மண்ணியல் மாணவி (மறுமொழி 1)

நல்ல கேள்வி, நண்பரே. நிலத்திலிருந்து தொடங்குகிறேன், இந்த ஊரைப் பொறுத்தவரை நிலத்தை விட்டுவிட்டு வரலாற்றைச் சொல்லவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பெயரில் தேம்ஸ் இருந்தாலும், ஊரை உரசிக்கொண்டு ஓடுவது தேம்ஸ் அன்று. அதன் கிளையாறான டேம். அய்ல்ஸ்பரி சமவெளிப் பகுதியில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் ஓடிவந்து, டார்செஸ்டரின் கிழக்கு எல்லையைத் தொட்டுக்கொண்டு, ஊருக்குத் தெற்கே தேம்ஸில் கலக்கிறது. தேம்ஸோ மேற்கிலிருந்து வந்து, ஊருக்குத் தென்மேற்கே வளைந்து திரும்புகிறது. ஆகவே கிழக்கே ஓர் ஆறு, தெற்கிலும் மேற்கிலும் மற்றோர் ஆறு என, ஊரும் அதன் வயல்களும் மூன்று பக்கம் நீரால் காக்கப்பட்ட ஒரு நாக்குப் போன்ற நிலத்தில் அமைந்திருக்கின்றன. வடக்குப் பக்கம் மட்டுமே திறந்த நிலம்.

அந்த நாக்கின் மேற்பரப்பு சரளைக்கல்லால் ஆனது. பனியுக ஆறுகள் பரப்பிவிட்டுப் போன சரளை, இன்றைய வெள்ளச் சமவெளியைவிடச் சற்று உயரமான தளமாக நிற்கிறது. மழைநீர் அதில் தேங்காமல் இறங்கிவிடும். கிணறு தோண்டினால் அதிக ஆழம் போகாமலே நல்ல நீர் கிடைக்கும். மேலுள்ள மண் உழவுக்கு இலகுவானது. சுற்றியுள்ள களிமண் நிலங்களோ குளிர்காலத்தில் சேறாகிவிடும். வெள்ளம் வரும் ஆண்டுகளில் ஆற்றோரப் புல்வெளிகள் ஏரிபோல் நிரம்பியிருக்க, பழைய ஊர் அமைந்த தளம் அவற்றுக்கு மேலே நிற்பதைக் காணலாம். இரண்டு மூன்று மீட்டர் உயர வேறுபாடு என்பது வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. குடியிருக்க இடம் தேடுபவருக்கு அதுவே எல்லாம்.

இதனால்தான் இங்கே மனிதர்கள் ஆயரின் வருகைக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூடியிருக்கிறார்கள். ஊருக்கு வடக்கே, கி.மு. நான்காம் ஆயிரத்தைச் சேர்ந்த, இணையான இரு பள்ளங்களால் ஆன ஒரு சடங்குப் பாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. அதை அடுத்துப் பெரிய வட்ட வடிவப் பள்ளங்களும் இருந்தன. இவை தரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. 1920களிலும் 1930களிலும் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களில், பயிரின் நிற வேறுபாடாக வெளிப்பட்டன.

இரும்புக் காலத்துச் சான்றுகள் இன்னும் நேரடியானவை. தேம்ஸின் மறுகரையில் விட்டன்ஹம் கிளம்ப்ஸ் எனப்படும் இரட்டைக் குன்றுகள் எழுகின்றன. சுண்ணப்பாறையால் ஆன இக்குன்றுகளுள் ஒன்றின் உச்சியை ஒரு மலைக்கோட்டையின் பள்ளமும் மண்கரையும் இன்றும் சுற்றி நிற்கின்றன. ரோமானியர் வருவதற்குச் சற்று முந்திய காலத்தில், மக்கள் குன்றின் அடிவாரத்துக்கு எதிரே ஆற்றின் இக்கரையில் பெரிய குடியிருப்பு ஒன்றை அமைத்தார்கள். டேம் ஆற்றுக்கும் தேம்ஸுக்கும் இடையே இரட்டை மண்கரைகளை எழுப்பி, ஏறத்தாழ 46 ஹெக்டேர் நிலத்தை அடைத்தார்கள். டைக் ஹில்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கரைகள், ஊரிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு மட்டும் அரண் கட்டினால் போதும், மற்றப் பக்கங்களை ஆறுகளே பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் கணக்கிட்டது, அங்கே நின்று பார்த்தவுடன் புரியும்.

ரோமானியர் வந்தபோது மையம் சற்று வடக்கே, இன்றைய ஊர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தது. வடக்கே ஆல்செஸ்டரிலிருந்து தெற்கே சில்செஸ்டர் வரை சென்ற சாலை இவ்வழியே ஆறுகளைக் கடந்தது. சாலையை ஒட்டி எழுந்த சிறு நகரம் முதலில் மண் அரணும், பின்னர்க் கல் மதிலும் பெற்றது. 1731இல் இங்கே கிடைத்த ஒரு பலிபீடம், மார்க்கஸ் வேரியஸ் செவெரஸ் என்னும் அலுவலர் ஜூபிடருக்கு எடுத்தது. மாகாண ஆளுநரின் பணிக்குழுவைச் சேர்ந்த அத்தகைய அலுவலர்களைச் சாலைச் சந்திப்புகளிலும் ஆற்றுத் துறைகளிலும் பணியமர்த்துவது ரோமானிய வழக்கம். அளவில் சிறிதாயினும், அரசின் கண் படிந்த இடமாகவே இது இருந்திருக்கிறது.

பழஞ்சுவடி (மறுமொழி 2)

மேலே அம்மையார் எழுதியதை அடியொற்றி, ஆயரின் கதையை நான் தொடர்கிறேன். என் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே வைத்துவிடுகிறேன்: டார்செஸ்டரை உயர்த்தியது அது ஓர் எல்லையில் இருந்ததே, அதைக் கைவிடச் செய்ததும் அதே எல்லைதான்.

ரோமானிய ஆட்சி தளர்ந்த காலத்திலேயே இங்கு ஜெர்மானியத் தொடர்புடைய படைவீரர்கள் இருந்திருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1874இல் டைக் ஹில்ஸ் பகுதியில் வெளிப்பட்ட புதைகுழிகளில், பிற்கால ரோமானியப் படை அலுவலர்கள் அணியும் வகை இடைவார்ப் பூண்கள் ஓர் ஆணின் உடலோடும், ஜெர்மானியப் பாணி அணிகலன் ஒரு பெண்ணின் உடலோடும் கிடைத்தன. ரோமானியப் பிரித்தானியா முடிந்து சாக்சன் இங்கிலாந்து தொடங்கும் தருணத்தைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வாளரும் இந்தக் குழிகளைத் தவிர்க்க முடிவதில்லை.

அடுத்து 635ஆம் ஆண்டு. போப் முதலாம் ஹொனோரியுஸின் இசைவோடு இத்தாலியிலிருந்து வந்த பிரினுஸ் என்னும் ஆயர், மேற்குச் சாக்சன் மன்னர் கினெகில்ஸுக்குத் திருமுழுக்கு அளித்தார். மன்னருக்கு ஞானத்தந்தையாக நின்றவர் வடக்கே நார்த்தம்பிரியாவின் மன்னர் ஆஸ்வால்டு. அவரே பின்னர்க் கினெகில்ஸின் மகளை மணந்துகொண்டார். இரு மன்னர்களும் சேர்ந்தே இவ்வூரைப் பிரினுஸுக்கு ஆயர் இருக்கையாக வழங்கினார்கள் என்று, 731இல் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்னும் துறவி பதிவு செய்கிறார். ‘இரு மன்னர்களும்’ என்பதை ஊன்றிக் கவனியுங்கள். ஒரு நாட்டின் மன்னர் தம் ஊர் ஒன்றைத் தர, மற்றொரு நாட்டின் மன்னர் ஏன் உடன் நிற்க வேண்டும்? மெர்சியா என்னும் வலிய அரசு இருவருக்கும் பொது அச்சுறுத்தலாக இருந்தது. ஞானத்தந்தை உறவும் திருமணமும் ஆயர் இருக்கையும் சேர்ந்த ஒரே உடன்படிக்கையாகவே நான் இதைப் படிக்கிறேன். அந்த உடன்படிக்கைக்கு ஏற்ற இடம், மேற்குச் சாக்சன் நாட்டின் வடமுனையில், பழைய ரோமானிய மதிலும் சாலையும் ஆற்றுத்துறையும் ஒருங்கே அமைந்த டார்செஸ்டர்.

ஆனால் எல்லை ஊர் என்பது இருபுறமும் கூர்மையுள்ளது. கினெகில்ஸின் மகன் கென்வால் காலத்தில் மெர்சியாவின் அழுத்தம் தேம்ஸ் பள்ளத்தாக்கில் பெருகியது. அவருடைய ஆயராக இருந்த ஃபிராங்கு நாட்டவரான அஜில்பர்ட்டின் அயல்மொழி மன்னருக்குச் சலித்துப்போனதால், அவர் மறைமாவட்டத்தை, அதாவது ஆயரின் ஆளுகைப் பகுதியை, பிரித்து வின்செஸ்டரில் வைனி என்பவரை அமர்த்தினார் என்று பீட் கூறுகிறார். மொழிச் சலிப்பு உண்மையாகவே இருக்கட்டும். தெற்கே பாதுகாப்பான தொலைவில் ஓர் இருக்கை தேவைப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை. அஜில்பர்ட் மனம் நொந்து வெளியேறிப் பின்னாளில் பாரிஸின் ஆயரானார். மேற்குச் சாக்சன்களின் தலைமை இருக்கை வின்செஸ்டருக்கே நிலைத்தது. சில ஆண்டுகளில் டார்செஸ்டரில் மெர்சியாவுக்குரிய ஓர் ஆயர் அமர்ந்திருந்தார் என்பதும் பதிவில் உள்ளது.

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனியர்கள் நடு இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது, லெஸ்டரில் இருந்த ஆயர் இருக்கை தெற்கே டார்செஸ்டருக்குப் பெயர்ந்தது. தேம்ஸ் கரை ஊருக்கு ஹம்பர் வரை ஆளுகை வந்தது இப்படித்தான். அது ஊரின் வளத்தால் வந்த பெருமை அன்று. வடக்கே இருந்தவர்கள் அடைக்கலம் தேடி, தங்கள் மறைமாவட்டத்தின் தென்கோடிக்கு வந்து சேர்ந்ததன் விளைவு. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அவ்வளவு நீண்ட மறைமாவட்டத்தை அதன் ஒரு முனையிலிருந்து ஆள்வது எத்தனை கடினம் என்பது தெரியும். 1067இல் பொறுப்பேற்ற ரெமிஜியுஸ், இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் தலைவர் வில்லியமின் படையெடுப்புக்குக் கப்பல் தந்து உதவிய நார்மன் துறவி. ஆயர்கள் சிற்றூர்களில் இருக்கக்கூடாது, நகரங்களில் இருக்க வேண்டும் என்பது நார்மன் திருச்சபையின் கொள்கை. 1072ஆம் ஆண்டளவில் அவர் இருக்கையை வடக்கே உள்ள லிங்கன் நகருக்கு மாற்றினார். தென்கோடியில் அடைக்கலமாக இருந்த ஊருக்கு, ஒரே மன்னரின்கீழ் ஒன்றுபட்ட நாட்டில் அந்தப் பணி முடிந்துபோயிற்று.

தாங்கள் கேட்ட தேவாலயத்துக்கு வருகிறேன். இப்போது நிற்கும் கட்டடம் ஆயர்களுடையது அன்று. 1140இல் லிங்கன் ஆயர் அலெக்சாண்டர் இங்கே அகுஸ்தீன் ஒழுங்கைப் பின்பற்றும் துறவிகளின் மடத்தை நிறுவினார். இன்று காணும் பெருங்கட்டடம் அம்மடத்தினுடையது. 13ஆம் நூற்றாண்டில் புனித பிரினுஸின் எலும்புகள் தங்களிடமே உள்ளன என்று துறவிகள் வலியுறுத்தினார்கள். வின்செஸ்டர் அதை மறுத்தது. ஆயினும் யாத்திரிகர்கள் டார்செஸ்டருக்கு வந்தார்கள். அந்த வருகைதான் கிழக்குப் பகுதியின் விரிவாக்கத்துக்கு ஊட்டம் தந்தது. அப்பகுதியின் வடபுறச் சாளரத்தைத் தவறவிடாதீர்கள். ஈசாயிடமிருந்து கிளைக்கும் கிறிஸ்துவின் குலமரத்தைக் கண்ணாடியில் மட்டும் தீட்டாமல், சாளரத்தின் கல் சட்டங்களையே மரமாகவும் கிளைகளாகவும் செதுக்கி, கிளைகளில் உருவங்களை அமர்த்தியிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கல்தச்சு வேலையில் இதற்கு இணையாகச் சொல்ல என்னிடம் வேறொன்று இல்லை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஈயத் திருமுழுக்குத் தொட்டியும், வாளை உருவும் நிலையில் முறுக்கிக் கிடக்கும் 13ஆம் நூற்றாண்டு வீரனின் கற்சிலையும் அதே கூரையின்கீழ் இருக்கின்றன.

துறைமுகத்தான் (மறுமொழி 3)

‘ஏன் வளரவில்லை’ என்னும் பாதிக்கு என் பங்கைச் சேர்க்கிறேன். வாலிங்ஃபோர்டு இங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆல்ஃபிரட் மன்னரும் அவர் வழிவந்தோரும் டேனியருக்கு எதிராக அரண் நகரங்களை அமைத்தபோது, தேம்ஸின் இப்பகுதிக்குத் தேர்ந்தது வாலிங்ஃபோர்டைத்தான். அக்காலப் பட்டியலில் அதன் அரணுக்கு ஒதுக்கிய நிலத்தின் அளவு வின்செஸ்டருக்கு ஒதுக்கியதற்குச் சமம். 1066இல் வில்லியம் தேம்ஸைக் கடந்ததும் அங்கேதான். பின்னர்க் கோட்டையும் அங்கேயே எழுந்தது. வடமேற்கே ஆக்ஸ்போர்டும் அதே காலத்து அரண் நகரமே. சந்தை, நாணயச்சாலை, கோட்டை ஆகிய மூன்றும் இருபுறமும் போய்ச் சேர்ந்தபின், நடுவிலிருந்த டார்செஸ்டருக்கு எஞ்சியது மடமும் சாலையும்தான்.

ஆற்றுப் போக்குவரத்தும் அதற்குக் கைகொடுக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனிலிருந்து வரும் சரக்குப் படகுகள் டார்செஸ்டருக்குச் சற்று மேலே உள்ள பர்கட் வரைதான் எளிதாக வந்தன. அங்கே சரக்கை இறக்கி, வண்டிகளில் ஆக்ஸ்போர்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலை நீடித்திருந்தால் இப்பகுதியில் ஒரு துறை நகரம் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் 1624இல் நாடாளுமன்றம் நியமித்த ஆணையம் இஃப்லியிலும் சாண்ட்ஃபோர்டிலும் இரட்டைக் கதவுள்ள படகுத் தேக்கங்களைக் கட்டியது. 1635இல் படகு நேரே ஆக்ஸ்போர்டையே அடைந்தது. இடையில் இறக்கி ஏற்றும் பிழைப்பு அத்தோடு போயிற்று.

சாலை மட்டும் ஒரு நூற்றாண்டுக்கு ஊரை வாழவைத்தது. லண்டனிலிருந்து ஹென்லி வழியாக ஆக்ஸ்போர்டு செல்லும் குதிரை வண்டிகள் முதன்மைத் தெருவின் வழியேதான் போயின. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு விடுதிகளும், வண்டிகள் உள்ளே நுழையத்தக்க அவற்றின் உயர்ந்த வாயில்களும் அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன. டேம் ஆற்றின்மேல் இருந்த குறுகிய இடைக்காலப் பாலத்துக்குப் பதிலாக, 1813 முதல் 1815 வரை இன்றைய கல்பாலத்தைக் கட்டினார்கள். நடுவில் ஆற்றைக் கடக்கும் வளைவுகள், இருபுறமும் புல்வெளியைக் கடக்கும் நீண்ட அணுகுபாதை என, வெள்ளம் பரவும் நிலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கட்டிய பாலம் அது. முப்பது ஆண்டுகள் கழிவதற்குள், 1844இல், டிட்கோட்டிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு இருப்புப்பாதை வந்தது. நிலையம் கல்ஹமில் அமைந்தது, டார்செஸ்டரில் அன்று. வண்டிகள் நின்றன. 1980களின் தொடக்கத்தில் புறவழிச்சாலை வந்ததும் மோட்டார் வாகனங்களும் ஊரைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஒவ்வொரு காலத்திலும் போக்குவரத்து விலகிப்போனதனால்தான் அத்தெரு இன்றும் இடிபடாமல் இருக்கிறது; வருத்தப்பட ஒன்றுமில்லை என்பேன்.

நதிமூலம்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது மற்ற இடங்களில் கட்டடங்களின் கூரை ஈயத்தையும் கல்லையும் பெயர்த்து விற்றார்களே, இங்கே தேவாலயம் மட்டும் எப்படித் தப்பியது? மற்றொன்று, டைக் ஹில்ஸ் கரைகளின் ஒரு பகுதி தட்டையாக இருப்பதைப் படங்களில் கவனித்தேன். அது வெள்ளத்தின் வேலையா?

பழஞ்சுவடி

முதல் ஐயத்துக்கு விடை ஒரு தனிமனிதரின் பணப்பை. 1536இல் மடம் கலைக்கப்பட்டது. அவ்வூரில் வாழ்ந்த செல்வரான ரிச்சர்டு போஃபரஸ்ட், பீடப் பகுதியை 140 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். 1554இல் எழுதிய உயிலில் அதை ஊர்த் திருச்சபைக்கே விட்டுச் சென்றார். துறவிகள் வாழ்ந்த கட்டடங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. ஆயிரம் பேருக்குப் பொருந்தாத அளவில் ஒரு தேவாலயம் அவர்களுக்கு உரியதாக இருப்பதற்குக் காரணம் அந்த 140 பவுண்டுதான். அத்தனை பெரிய கூரையைச் சிறிய ஊர் பேணுவது எளிதன்று. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டு பெரும் புதுப்பிப்புப் பணிகளை நடத்த வேண்டியிருந்தது.

மண்ணியல் மாணவி

இரண்டாவது வெள்ளத்தின் வேலை அன்று; ஏரின் வேலை. 1870இல் நில உரிமையாளர் கரைகளைத் தட்டையாக்கி உழவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். அதை நேரில் கண்டு எதிர்ப்புக் குரல் எழுப்பியவர், பின்னாளில் பிட்-ரிவர்ஸ் எனப் பெயர் பெற்ற படை அதிகாரி அகஸ்டஸ் லேன் ஃபாக்ஸ். இரண்டாயிரம் ஆண்டுகள் நின்ற ஒன்றை ஒரே பருவத்தில் அழிக்க நில உரிமையாளருக்கு முழு உரிமை இருந்தது, தடுக்க எந்தச் சட்டமும் இருக்கவில்லை என்பது அன்று பலரை உலுக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பக் 1873இல் தொல்சின்னப் பாதுகாப்புக்கான மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். பல முறை தடைபட்டு, 1882இல்தான் அது சட்டமாயிற்று. அச்சட்டத்தின்கீழ் முதல் ஆய்வாளராக அமர்ந்தவர் அதே பிட்-ரிவர்ஸ். பிரித்தானியத் தொல்சின்னச் சட்டத்தின் பிறப்புக்குக் காரணமான இடங்களுள் ஒன்றாக டைக் ஹில்ஸைச் சொல்வதில் மிகையில்லை.

ஆயினும் ஊருக்கு வடக்கே இருந்தவை அதே அளவு காப்பைப் பெறவில்லை. நான் முன்பு குறிப்பிட்ட சடங்குப் பாதையும் வட்டப் பள்ளங்களும் சரளைத் தளத்தின்மேல்தான் இருந்தன. இரண்டாம் உலகப்போருக்குப்பின் சாலைக்கும் கட்டடத்துக்கும் சரளை தேவைப்பட்டபோது, அகழ்வாய்வாளர்கள் இயந்திரங்களுக்கு முன்னால் ஓடியோடித் தோண்டிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இன்று அங்கே நீர் நிறைந்த பழைய சரளைக் குழிகள் இருக்கின்றன. மனிதர்களை ஆறாயிரம் ஆண்டுகளாக இங்கே ஈர்த்த அதே சரளை, அவர்களுடைய மிகப் பழைய தடங்களை அழிக்கவும் காரணமாயிற்று. இதை எழுதும்போது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது.

நேரில் பார்க்க விரும்புவோர் தேவாலயத்திலிருந்து தெற்கு நோக்கி நடந்து, டைக் ஹில்ஸ் கரைகளை அடுத்துச் செல்லும் பொதுப் பாதையில் டேஸ் லாக் படகுத் தேக்கத்தை அடைந்து, நடைபாலத்தில் தேம்ஸைக் கடந்து, விட்டன்ஹம் குன்றில் ஏறலாம். 1974இல் மாவட்ட எல்லைகளை மாற்றும்வரை ஆற்றின் அக்கரை பெர்க்ஷயராக இருந்தது. ஏறுவதற்கு அதிக நேரம் ஆகாது. மேலிருந்து வடக்கே பார்த்தால் இரண்டு ஆறுகள், அவற்றை இணைக்கும் மண்கரைகள், பின்னால் தேவாலயக் கோபுரம் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் உழவு தட்டையாக்கிய பகுதியின் மேடுபள்ளங்கள்கூட நிழலாகத் தெரியும்.